ஆல்ப்ஸ் மலைக் கோயில்களும் நம் தோட்டத்துச் சிற்றாலயமும்: கேள்வி-பதில்

இந்த மாதம் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரே உறையில் நான்கு கேள்விகள். பங்கிலிருந்து சிலர் சுவிட்சர்லாந்துக்கும் வட இத்தாலிக்கும் போகிறார்களாம். திரும்பி வந்ததும் தோட்டத்துச் சிற்றாலயத்துக்கு வெள்ளையடிக்கிற வேலையும் காத்திருக்கிறதாம்.

கேள்வி: சுவிட்சர்லாந்தின் சில்லிஸ் ஊர்க் கோயிலின் சித்திர உட்கூரையைப் பார்க்க எங்களுக்கு அரை நாள்தான் இருக்கிறது. போதுமா? எதை முதலில் பார்ப்பது?

போதும். கூர் நகரிலிருந்து தூசிஸ் வரை ரயிலில் அரை மணி நேரம். அங்கே இறங்கி மஞ்சள் நிற அஞ்சல் பேருந்தில் ஏறினால், வியா மாலா என்ற இடுக்கான மலைப்பிளவைத் தாண்டியதும் சில்லிஸ். கோயில் புனித மார்ட்டினுடையது. இன்று சீர்திருத்தச் சபையின் (புராட்டஸ்டண்டு) கையில் இருக்கிறது. உட்கூரை 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. குறுக்கே 9, நீளத்தில் 17 என மொத்தம் 153 மரப்பலகைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 90 செ.மீ. சதுரம்.

அண்ணாந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். அதற்காகவே அங்கே கைக்கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அதை இடுப்பளவில் படுக்கையாகப் பிடித்துக் குனிந்து பாருங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கண்ணாடியில் ஆசி வழங்கும் வலக்கை இடக்கையாகத் தெரியும்.

முதலில் ஓரத்தைச் சுற்றிவிடுங்கள். 48 பலகைகளிலும் கடல். முன்பாதி மிருகம், பின்பாதி மீன்வால் என்று விசித்திரமான உருவங்கள். நான்கு மூலைகளிலும் வானதூதர்கள். பிறகு உள்ளே இருக்கும் 105 பலகைகள். பீடத்தின் பக்கம் தொடங்கி, வரிசை வரிசையாக இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு வாசல் பக்கம் வர வேண்டும். இயேசுவின் கதை முள்முடியோடு நின்றுவிடும். சிலுவைக் காட்சியைத் தேடிக் கழுத்தை வருத்த வேண்டாம், அது அங்கே இல்லை. கடைசி வரிசையின் 7 பலகைகள் புனித மார்ட்டினுக்கு.

கேள்வி: மலைக் கோயில்களின் வெளிச்சுவரில் குழந்தையைத் தோளில் சுமக்கும் ஒருவரை ராட்சத உருவமாக எழுதியிருக்கிறார்களே, ஏன்?

அவர் புனித கிறிஸ்தோபர், வழிப்போக்கரின் காவலர். அவர் முகத்தைப் பார்த்தவருக்கு அன்று துர்மரணம் வராது என்பது அக்கால நம்பிக்கை. கணவாய் ஏறுகிறவர் கோயிலுக்குள் வர நேரமில்லாமல் பாதையிலிருந்தே பார்த்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இந்த உயரம். இன்று நம்மவர் காரில் தொங்கவிடும் பதக்கத்தில் இருப்பவரும் அவரே.

இத்தாலிப் பக்கம் ரெந்தேனா பள்ளத்தாக்குக்குப் போனால், பின்சோலோ ஊரின் புனித விஜிலியோ கோயிலைத் தவறவிடாதீர்கள். ஓவியர் சிமோனே பாஸ்கேனிஸ் 1539இல் வெளிச்சுவரில் எழுதிய மரண நடனம் அங்கே இருக்கிறது. போப்பாண்டவர் முதல் பிச்சைக்காரர் வரை ஒவ்வொருவரையும் ஓர் எலும்புக்கூடு அழைத்துப் போகிறது. மழையும் பனியும் படும் வெளிச்சுவரில் இத்தனை காலம் நிலைத்ததற்கு மேலே நீட்டிவிட்ட கூரைத் தாழ்வாரமும் ஒரு காரணம்.

கேள்வி: எங்கள் சிற்றாலயச் சுவரில் நாலடி உயரத்துக்குப் பெயிண்ட் உப்பி உரிகிறது. இரண்டு முறை சிமெந்து பூசியும் ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. அங்கே ஆயிரம் வருடச் சுவரில் சித்திரமே நிற்கிறதே, எப்படி?

சிமெந்து பூசியதால்தான் ஏறுகிறது. தரையிலிருந்து சுவர் உறிஞ்சும் ஈரம் எங்காவது ஆவியாக வேண்டும். கீழே அடைத்துவிட்டால் அடைப்புக்கு மேலே வெளியேறும். கூடவே வரும் உப்பு அங்கே படிகமாகிப் பெயிண்டைத் தள்ளும்.

ஆல்ப்ஸ் சுவர்கள் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சித்திரமும் அதே சுண்ணாம்பின் உள்ளேதான் இருக்கிறது. பூச்சு ஈரமாக இருக்கும்போதே காவி, செம்மண், கரி போன்ற நிறங்களைத் தண்ணீரில் குழைத்து எழுதுவார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத் திரும்பக் கல்லாகும்போது நிறமும் அதில் பூட்டிக்கொள்ளும். அன்று எழுதக்கூடிய அளவுக்குத்தான் அன்று பூசுவார்கள். அசுரைட் என்ற கல்லை அரைத்து எடுக்கும் நீலம் மட்டும் ஈரச் சுண்ணாம்போடு ஒத்துப்போகாது. அதைக் காய்ந்தபின் பசையோடு தீட்டினார்கள், அதனால் உதிர்ந்தது. பழைய சித்திரங்களில் வானம் சாம்பலாகக் கிடந்தால், நீங்கள் பார்ப்பது நீலத்துக்குக் கீழே போட்ட அடிநிறத்தை.

இனி உங்கள் சுவர். முதலில் ஆணியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக உதிர்ந்தால் சுண்ணாம்பு, சாம்பல் நிறத்தில் கீறலே விழாவிட்டால் சிமெந்து. பிறகு கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் பார்த்து, வெளியே மண் தரைமட்டத்துக்கு மேலே குவிந்திருந்தால் வெட்டி எடுத்து, வாய்க்காலைச் சரிசெய்யுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும். அதன்பின் ஈரக்கறைக்கு ஓரடி மேல்வரை சிமெந்தைக் கொத்தி எடுத்து, சில வாரம் சுவரைக் காயவிடுங்கள்.

சுண்ணாம்பு வாங்கும்போது கவனம். தோட்டத்தில் மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடுகிறார்களே, அது அரைத்த சுண்ணாம்புக்கல். சுவரில் பிடிக்காது, காய்ந்ததும் மாவாகக் கொட்டும். வேண்டியது நீற்றிய சுண்ணாம்பு, வெற்றிலைக்குத் தடவுகிறோமே அதே வகை. தூளாகக் கிடைத்தால் தண்ணீரில் ஊறவைத்து மூடி, குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள்.

ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய கரடான ஆற்று மணல் 3 பங்கு. கடல் மணல் கூடாது, உப்பு. சுவரை நனைத்துவிட்டு 1 செ.மீ. கனத்துக்கு மேல் போகாமல் பூசி, நகம் பதியாத அளவு இறுகியபின் இரண்டாம் பூச்சு. ஈரச்சாக்கைத் தொங்கவிட்டுச் சில நாள் வெயில் படாமல் காப்பாற்ற வேண்டும். அவசரமாகக் காய்ந்த சுண்ணாம்பு விரலில் மாவாக ஒட்டும்.

வெள்ளையடிக்கப் பால் பதத்தில் கரைத்து, 4 அல்லது 5 முறை, ஒரு நாள் இடைவெளி விட்டு அடியுங்கள். அடித்த உடனே சுவர் தெரியும். 'ஒட்டவே இல்லையே' என்று எல்லாரும் கெட்டியாக்குவது இங்கேதான். மறுநாள் தானாக வெளுக்கும். கெட்டியாக அடித்தால் வெடித்துச் செதில் செதிலாக வரும். பழைய எமல்ஷன் பெயிண்ட் மேல் நேராக அடிக்கவும் கூடாது, முழுதாகச் சுரண்டிய பிறகே.

கேள்வி: சுரண்டுவதற்கு முன் அடியில் பழைய சித்திரம் உண்டா என்று எப்படி அறிவது?

நல்ல வேளை கேட்டீர்கள். பீடத்தின் பின்சுவரிலும் சன்னல் ஓரங்களிலும் 5 செ.மீ. சதுரமாக ஏழெட்டு இடங்களில், சின்னக் கத்தியால் ஒவ்வொரு படையாக எடுத்துப் பாருங்கள். நிறம் தென்பட்டால் அங்கேயே நிறுத்தி, படம் பிடித்து, பங்குத் தந்தையிடம் காட்டுங்கள்.

ஆல்ப்ஸிலும் பல சித்திரங்கள் இப்படித்தான் மறைந்து கிடந்தன. 1500களில் சீர்திருத்தச் சபைக்கு மாறிய ஊர்கள் பலவற்றில் மேலே வெள்ளையடித்தார்கள். அந்த வெள்ளையே பின்னால் காப்பானது. மறுபூச்சுப் பிடிக்கட்டும் என்று உளியால் கொத்தியதுதான் பெரிய சேதம், அந்தத் தழும்புகளை இன்றும் புள்ளி புள்ளியாகக் காணலாம். 1983இல் உலகப் பாரம்பரியச் சின்னமான சுவிட்சர்லாந்தின் மியூஸ்தைர் மடத்தில், 800ஆம் ஆண்டளவில் எழுதியதன் மேல் 1200 வாக்கில் வேறு சித்திரம் எழுதியிருக்கிறார்கள். அடியில் இருப்பது 1894இல்தான் தெரியவந்தது. சில்லிஸிலிருந்து அங்கே போய்வர அரை நாள் போதாது, ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.