இருட்டுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட்

கேள்வி: போன வெள்ளிக்கிழமை மனைவியோடு புதுப்படம் பார்க்கப் போயிருந்தேன். முன் வரிசையில் இருந்த பையன் ஹீரோ என்ட்ரி, பாட்டு, சண்டை என்று நல்ல நல்ல இடமாகப் பார்த்து செல்போனில் வீடியோ எடுத்து, உட்கார்ந்த இடத்திலேயே ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டிருந்தான். பொறுத்துப் பார்த்துவிட்டு 'அறிவிருக்காடா உனக்கு' என்று கேட்டுவிட்டேன். 'கஷ்டமா இருந்தா வீட்ல உக்காந்து ஓடிடில பாருங்க அங்கிள்' என்றான். அதற்குமேல் படத்தில் மனம் ஒட்டவில்லை. இனி தியேட்டர் பக்கமே வரமாட்டேன் என்கிறார் மனைவி. (டைட்டில் கார்டை நானும் ஒரு போட்டோ எடுத்தேன். அது ஒரு நொடி வேலை, யாருக்கும் தொந்தரவில்லை.) விசில், கூச்சல், செல்போன் மூன்றையும் தியேட்டரில் தடை செய்தால் என்ன?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்டிருப்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த ஒரு நொடியில் உங்களுக்குப் பின்னால் இருந்தவருக்கும் கண் கூசியிருக்கும். அவர் உங்களை 'அறிவிருக்காடா' என்று கேட்கவில்லை, பொறுத்துக்கொண்டார். டைட்டில் கார்டுக்கு ஒரு நியாயம், ஹீரோ என்ட்ரிக்கு ஒரு நியாயம் கிடையாது. எடுக்கக் கூடாது என்றால் இரண்டுமே கூடாது. நீங்கள் எடுத்ததை அந்தப் பையன் பார்த்திருந்தால், உங்களைத் திருப்பிக் கேட்க அவனுக்கு வேறு வார்த்தையே வேண்டியிருந்திருக்காது.

இதைச் சொல்லிவிட்டதால் இனி உங்கள் பக்கம் தாராளமாக நிற்கலாம். உங்கள் கோபம் சின்ன விஷயத்துக்கு வந்த கோபமே இல்லை. நூற்றைம்பது, இருநூறு கொடுத்து டிக்கெட் எடுக்கிறோமே, அந்தக் காசில் படம் பாதி, இருட்டு பாதி. ஏன் என்று சொல்கிறேன்.

சினிமாத் திரை வெள்ளை நிறம். ப்ரொஜெக்டரால் அதன்மேல் வெளிச்சத்தைத்தான் வீச முடியும், கறுப்பை வீச முடியாது. திரையில் நாம் கறுப்பு என்று பார்ப்பதெல்லாம் வெளிச்சம் விழாமல் விடப்பட்ட இடம். அங்கே நமக்குத் தெரியும் கறுப்பு, ஹாலில் இருக்கும் இருட்டுதான். ஹாலுக்குள் எங்கே வெளிச்சம் கிளம்பினாலும் அந்தக் கறுப்பு சாம்பலாகிப்போகும். 1987இல் வந்த 'நாயகன்' படத்தில் ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம் பாதி முகத்தை வெளிச்சத்திலும் பாதி முகத்தை நிழலிலும் வைத்து எத்தனை காட்சிகள் எடுத்திருக்கிறார்! அந்த நிழலுக்குள் கண் இருக்கும், கண்ணுக்குள் ஒரு பொட்டு ஈரம் இருக்கும். இருட்டு ஒழுங்காக இருந்தால்தான் அந்த ஈரம் தெரியும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தியேட்டர் திரையில் வெள்ளை எவ்வளவு பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்கு உலகம் முழுக்க ஒரே அளவு, 48 நிட் (நிட் என்பது திரையின் பளிச்சை அளக்கும் அலகு). கேட்கவே கொஞ்சம்தானே? உங்கள் சட்டைப்பையில் இருக்கும் சாதாரணப் போனே முழு வெளிச்சத்தில் 500 நிட்டைத் தாண்டும். பத்து மடங்கு! இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். பழகியதைக் கெடுக்க ஒரு நொடி போதும். பையன் போனைத் தூக்கி ஸ்டேட்டஸ் போட்டு இறக்கி வைத்த பிறகும் உங்கள் கண்ணுக்குள் அந்தச் சதுரம் மிதந்துகொண்டே இருந்திருக்குமே, அந்த நேரத்தில் திரையில் போனது போனதுதான்.

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் டார்ச் அடிக்க ஒருவர் இருந்தார். படம் போட்ட பிறகு வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது அவர் வேலை. டார்ச்சை ஒருநாளும் தூக்கிப் பிடிக்க மாட்டார். கையைத் தொங்கவிட்டு, கண்ணாடியின் மேல் உள்ளங்கையை மூடி, விரல் இடுக்கு வழியாகத் தரையில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் விடுவார். அந்த விரல்கள் வெளிச்சத்தில் சிவந்து தெரியும். மணலில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அந்தச் சிவப்பு விரல்களைப் பார்த்தால்தான் ஆள் வருகிறார் என்றே தெரியும். வருகிறவர் காலுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ அவ்வளவுதான் விடுவார். உட்கார்ந்திருக்கிறவன் கண்ணில் ஒரு பொட்டு விழாது. அவருக்கு இதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. படம் பார்க்கிறவனுக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது என்கிற ஒரே எண்ணம்தான்.

திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தச் சாலைக்கு இன்றைக்கும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர். முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான பேர், வேறு வேறு தெரு, வேறு வேறு சாதி, ஒரே இருட்டில் ஒரே பக்கம் பார்த்து உட்காரும் பழக்கம் நமக்கு அப்படி வந்தது. தரை, பெஞ்ச், சேர் என்று டிக்கெட் வேறாக இருந்தது உண்மை. விளக்கு அணைந்த பிறகு பக்கத்தில் இருப்பவன் முகம் தெரியாது, அவன் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்கும். எனக்குத் தியேட்டர் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான்.

அதனால்தான் விசிலையும் கூச்சலையும் செல்போனோடு ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுக்கிறீர்களே, அதை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். முதல் நாள் முதல் ஷோவில் விசில் அடிக்கிறவன் திரையைப் பார்த்துத்தான் அடிக்கிறான். அவன் சந்தோஷம் பக்கத்து சீட்டுக்கும் தொற்றுகிறது, பின் வரிசைப் பாட்டியும் சிரிக்கிறார். அவன் முழுசாக அந்த ஹாலுக்குள் இருக்கிறான். போனைத் தூக்கியவன் அந்த நேரம் ஹாலில் இல்லை. அங்கே வராத முப்பது நாற்பது பேருக்காக, வந்திருக்கிற எல்லார் கண்ணிலும் வெளிச்சம் அடிக்கிறான். அழுகைக் காட்சியில் விசில் அடிக்கிறவனை விரட்டுங்கள், நானும் கூட வருகிறேன். என்ட்ரிக்கு அடிக்கிறவனை விட்டுவிடுங்கள். அமைதியாகப் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு வேறு நாள், வேறு ஷோ இருக்கிறது. வெள்ளிக்கிழமை போய் உட்கார்ந்துகொண்டு கூச்சல் என்று குறைப்படுவது, திருவிழாவுக்குப் போய் மேளச் சத்தம் தாங்கவில்லை என்பது போல.

சட்டம் கேட்பீர்கள். 2023இல் சினிமாட்டோகிராப் சட்டத்தைத் திருத்தினார்கள். திருட்டு நகல் எடுக்கும் நோக்கத்தோடு தியேட்டரில் படத்தையோ அதில் ஒரு பகுதியையோ பதிவு செய்தால் மூன்று மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதம். பத்து நொடி ஸ்டேட்டஸ் போட்ட பையனை இதில் பிடித்து உள்ளே தள்ள வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் விளையாட்டு என்று அவன் செய்வது எந்தச் சட்டத்தின் வாசலில் நிற்கிறது என்பது அவனுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

அவன் ஏன் எடுக்கிறான் என்று யோசித்துப் பார்த்தேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, டவுனுக்குப் போய்ப் புதுப்படம் பார்த்துவிட்டு வருகிற பையன்தான் திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு ராஜா. தூக்குவாளியை மூடிவிட்டுக் கதை சொல்ல ஆரம்பிப்பான். சண்டைக்கு வாயாலேயே டிஷ்யூம், குதிரை ஓடினால் தொடையில் தட்டுவான், பின்னணி இசையும் அவனே. எங்களில் பாதிப் பேர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை, அவன் சொன்னதைத்தான் இன்றைக்கும் படம் என்று நினைவில் வைத்திருக்கிறோம். 'நான் பார்த்துட்டேன்' என்று சொல்லிக்கொள்ளும் ஆசை அவனுக்கும் இருந்தது, உங்கள் முன் வரிசைப் பையனுக்கும் இருக்கிறது. ஆசையில் தப்பே இல்லை. அன்றைக்கு அதைத் தீர்த்துக்கொள்ள, படத்தை ஆடாமல் அசையாமல் பார்த்து மனசில் ஏற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. இன்றைக்குப் பார்க்காமலேயே தீர்த்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. எனக்கு வருத்தம் அங்கேதான்.

சில மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஷோவில் எனக்குப் பக்கத்து சீட்டில் ஓர் அப்பா, மடியில் ஆறு வயசிருக்கும் பெண் குழந்தை. பாட்டு வந்ததும் அப்பா போனை நீட்டிவிட்டார். அது சரியாகக் குழந்தை முகத்துக்கு நேரே. குழந்தை கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து எட்டிப் பார்த்தது. அப்பா கையும் கூடவே நகர்ந்தது. குழந்தை இந்தப் பக்கம் சாய்ந்தது. கடைசியில் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு, அத்தனை பெரிய திரை எதிரே இருக்க, அப்பா கையில் இருந்த ஐந்தங்குலத்தில் அந்தப் பாட்டைப் பார்த்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

தியேட்டர்காரர்கள் மேலும் தப்பு இருக்கிறது. டிக்கெட் போனில், பாப்கார்ன் ஆர்டர் போனில், சீட்டில் ஒட்டிய கட்டத்தைப் போனால் ஸ்கேன் செய்யச் சொல்கிறார்கள். படம் ஓடும்போதே போனை எடுக்கச் சொல்லிப் பழக்கிவிட்டது அவர்கள்தான். முன்பு டார்ச்சோடு ஒருவர் கதவோரம் நின்றார். இன்றைக்கு ஹாலுக்குள் வருகிற ஆள் தட்டோடுதான் வருகிறார். பாதி ஹாலில் போன் மின்னினாலும் கேட்பதற்கு அங்கே ஆள் கிடையாது. இடைவேளையில் மேனேஜரைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள், நாலு பேராகப் போனால் நடக்கும்.

இனி, 'அறிவிருக்காடா'. பத்தொன்பது இருபது வயதுப் பையனை நண்பர்கள் நடுவில் வைத்து அப்படிக் கேட்டால், தப்பு என்று தெரிந்தாலும் போனை இறக்க மாட்டான். இறக்கினால் அவன் தோற்ற மாதிரி. அந்த இடத்தில் அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு வழி, நீங்கள் சுவரைக் கட்டிவிட்டீர்கள். தோளை லேசாகத் தொட்டு, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் 'தம்பி, கண்ணு கூசுதுப்பா, கொஞ்சம் இறக்கிக்கோ' என்று சொல்லிப் பாருங்கள். நான் இப்படிச் சொன்ன பத்தில் எட்டு முறை 'ஸாரிண்ணா' என்று சட்டென்று இறக்கியிருக்கிறார்கள். மீதி இரண்டு முறை நான் சீட் மாறி உட்கார்ந்தேன். 'ஓடிடில பாருங்க' என்று அவன் சொன்னது அநியாயம்தான், படம் எப்படியும் சில வாரத்தில் அங்கே வந்துவிடும் என்பதும் உண்மைதான். அது தெரிந்தும் காசு கொடுத்து வந்திருக்கிறீர்கள் என்றால் அவனைவிட உங்களுக்குத்தான் தியேட்டர்மேல் ஆசை அதிகம். அதை ஒரு பையன் வாய்க்குப் பயந்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

மனைவி வரமாட்டேன் என்கிறாரே, அதற்கு வழி சொல்கிறேன். முதல் வாரம் போகட்டும். இரண்டாவது வாரத்தில் செவ்வாயோ புதனோ பார்த்து மதியக் காட்சிக்கு டிக்கெட் எடுங்கள். கடைசி வரிசைக்கு ஆசைப்படாதீர்கள். அங்கே உட்கார்ந்தால் ஹாலில் இருக்கிற அத்தனை போனும் உங்கள் கண்ணுக்கு எதிரேதான். நடுவிலிருந்து இரண்டு வரிசை முன்னால் தள்ளி எடுத்தால் முன்னே தலைகளும் குறைவு, வெளிச்சமும் குறைவு. விளக்கை அணைக்கும் முன்பே உங்கள் போனை அவர் கைப்பையில் போட்டுவிடுங்கள். டைட்டில் கார்டு வரும்போது அது அங்கேயே இருக்கட்டும்.