மெட்டுக்குச் சொந்தக்காரர் யார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோவையில் என் மகள் படிக்கும் கல்லூரியின் ஆண்டு விழாவில், மாணவர் இசைக்குழு ‘இன் த மூட்’ என்ற பழைய அமெரிக்க ஸ்விங் (நடனத்துக்கான ஜாஸ்) இசையை வாசித்தது. அமெரிக்க இசைக்குழுத் தலைவர் க்ளென் மில்லரின் படைப்பு என்று அறிவித்தார்கள். உடன் வந்த என் மச்சானோ, மில்லர் அதைப் பிறரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்கிறார். எது சரி? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: உங்கள் மச்சான் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. ஆனால், பழியை மில்லர் ஒருவர் மேல் மட்டும் சுமத்த வேண்டியதில்லை. அந்த இசைக்கு உயிராக இருப்பது, மேஜர் கார்டு எனப்படும், சேர்ந்தொலிக்கும் சுவரக் கூட்டின் மூன்று சுவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சுழலும் ஒரு சிறு தொடர். ஜாஸ் கலைஞர்கள் அதனை ரிஃப் என்பார்கள். தாளம் நான்கு நான்காக நடக்க, ரிஃப் அதன்மேல் மூன்று மூன்றாக, நம் மிருதங்கக்காரர்கள் ஆதி தாளத்தில் ‘தகிட தகிட’ என்று வாசித்துப் போவதைப் போல ஓடுகிறது. கேட்டவுடன் கால் தாளம் போடத் தொடங்குவதற்கு இந்த இழுபறியே காரணம்.

நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த டிரம்பெட் கலைஞர் விங்கி மனோன் 1930 ஆகஸ்டில் பதிவு செய்த ‘டார் பேப்பர் ஸ்டாம்ப்’ என்ற இசைத்தட்டிலேயே இந்த ரிஃப் தெளிவாகக் கேட்கிறது. மறு ஆண்டில் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவின் ‘ஹாட் அண்ட் ஆங்ஷஸ்’ என்ற இசைத்தட்டில் அது மீண்டும் தலைகாட்டியது. பிறகு சாக்ஸபோன் கலைஞரான ஜோ கார்லண்ட் அதனை விரித்துப் புதிய பகுதிகளைச் சேர்த்து ‘இன் த மூட்’ ஆக்கினார். 1938இல் எட்கர் ஹேய்ஸ் குழு அதைப் பதிவு செய்தது. இசையமைத்தவர் என்று சட்டப்படி இன்றுவரை நிற்கும் பெயர் கார்லண்டுடையதுதான். எழுதிப் பதிவு செய்யாத மெட்டுக்கு உரிமை கோருவது அக்கால அமெரிக்கச் சட்டத்தில் மிகக் கடினம். நம் பக்கத்து வள்ளி கும்மியில் ஒரே மெட்டுக்குப் பல ஊர் ஆசிரியர்கள் வெவ்வேறு சொற்களைக் கட்டிப் பாடுகிறார்கள், அதை யாரும் களவு என்று சொல்வதில்லை. ஆனால், கும்மி மெட்டுக்கு ஒருவர் பெயரில் உரிமைத்தொகை போய்ச் சேர்வதில்லை என்பதால், மனோனின் பெயரை உங்கள் மச்சான் போன்றவர்கள் அவ்வப்போது நினைவூட்டுவது நியாயமே.

மில்லர் செய்தது என்ன என்று கேட்டால், வெட்டியதுதான். அவருக்கு முன்பே கிளாரினெட் கலைஞர் ஆர்ட்டி ஷா இதனை வானொலியில் வாசித்திருந்தார். அந்த வடிவம் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடியதால், மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அது அடங்கவில்லை. மில்லர் வேண்டாத பகுதிகளைத் தயங்காமல் நீக்கி, ரிஃப்பை நடுவில் நிறுத்தி, டெக்ஸ் பெனக்கியும் அல் கிளிங்கும் டெனர் சாக்ஸபோனில் மாறிமாறிப் போட்டியிடும் பகுதியையும், கிளைட் ஹர்லியின் டிரம்பெட் தனியையும் அமைத்து, 1939 ஆகஸ்ட் 1 அன்று புளூபேர்ட் என்ற இசைத்தட்டு வரிசைக்காகப் பதிவு செய்தார். இந்தச் சுருக்கத்தை ஒரு படைப்பு வேலையாகவே நான் மதிக்கிறேன்; ஹேய்ஸ் குழுவின் பதிவையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால், நீங்களும் அப்படியே சொல்லக்கூடும். ஆகவே அறிவிப்பாளர் ‘மில்லர் குழு புகழ்பெறச் செய்த, கார்லண்டின் இசை’ என்று சொல்லியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

கேள்வி: இந்த இசையைக் கைப்பேசியில் கேட்டேன். இறுதியில் ஒலி தேய்ந்துகொண்டே போய், முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது பெருஞ்சத்தத்துடன் திரும்புகிறதே, பதிவில் கோளாறா? (வாசகி, உடுமலைப்பேட்டை)

பதில்: கோளாறு இல்லை, வேண்டுமென்றே செய்த வேலை. ஒரே ரிஃப்பை ஒவ்வொரு முறையும் முன்னதைவிட மெல்ல வாசித்து, நடன அரங்கில் இருப்பவர்கள் ‘இனி அவ்வளவுதான்’ என்று நின்றுவிடும் நேரத்தில் முழுக் குழுவும் சேர்ந்து உரக்க எழும்பும். அன்றைய நடனக்காரர்கள் இந்த ஏமாற்று வேலையை மிகவும் ரசித்தார்கள். 1940இன் தொடக்க மாதங்களில் அமெரிக்க உணவகங்களின் ஜூக்பாக்ஸ்களில் காசு போட்டு மக்கள் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான். 1942இல் மில்லர் ராணுவத்தில் சேர்ந்து அங்கும் இசைக்குழு நடத்தினார். 1944 டிசம்பர் 15 அன்று இங்கிலாந்திலிருந்து பாரிசுக்குப் புறப்பட்ட அவரது விமானம் காணாமற்போன பின்பும் இந்த இசையின் புகழ் குறையவில்லை.

கேள்வி: இதற்குப் பாடல் வரிகள் உண்டா? (வாசகர், பல்லடம்)

பதில்: உண்டு. எழுதியவர் ஆண்டி ரசாஃப்; மடகாஸ்கர் அரச குடும்பத்தின் வழிவந்தவர். மில்லரின் இசைத்தட்டில் பாடகர் குரல் இல்லாததால், அவரது வரிகளை அறிந்தவர்கள் குறைவு.