ஆண்டிஸ் வானத்தில் பூச்சி ராசிகள் உண்டா? கேள்விகளும் பதில்களும்

தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் வாழ்ந்த பண்டைய மக்கள் பன்னிரண்டு பூச்சிகளைக் கொண்டு ராசிச் சக்கரம் வகுத்திருந்தார்கள் என்றும், பிறந்த மாதத்துக்குரிய பூச்சியே ஒருவருடைய குணத்தைத் தீர்மானிக்கிறது என்றும் கூறும் பட்டியல் ஒன்று கைபேசிக்குக் கைபேசி மாறி வருகிறது. எறும்பில் பிறந்தவர் உழைப்பாளி, வண்ணத்துப்பூச்சியில் பிறந்தவர் ஓரிடத்தில் நிலைக்காதவர் என்று அது நீள்கிறது. அம்மக்களின் வானியலைப் பல ஆண்டுகளாக விரும்பி வாசித்து வருபவன் என்பதால், இது பற்றிய கேள்விகளை எனக்கு அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: இப்படி ஒரு பூச்சி ராசிச் சக்கரம் உண்மையில் இருந்ததா?

பதில்: நான் வாசித்த எந்தப் பழைய பதிவிலும் அது இல்லை. ஆண்டிஸில் பேரரசு கண்ட இன்கா மக்களிடம் எழுத்து முறை இருக்கவில்லை. கணக்குகளைக் கிப்பு எனப்படும் முடிச்சுக் கயிறுகளில் காத்தார்கள். ஆகவே அவர்களுடைய வானத்தைப் பற்றி நாம் அறிவதெல்லாம் ஸ்பானிய ஆட்சி வந்த பிறகு எழுதப்பட்ட ஏடுகளிலிருந்தும், இன்காக்களின் மொழியான கெச்சுவாவை இன்றும் பேசும் சிற்றூர்களில் ஆய்வாளர்கள் கேட்டறிந்தவற்றிலிருந்தும் வருகிறது. போலோ தெ ஒந்தெகார்தோ, பெர்னபே கோபோ ஆகிய ஸ்பானியர்களின் குறிப்புகள், 1615 வாக்கில் ஆண்டிஸ் மண்ணின் மைந்தரான குவாமான் போமா ஏறக்குறைய 400 படங்களுடன் எழுதி முடித்த நெடிய மடல், 1608ஐ ஒட்டிக் கெச்சுவா மொழியிலேயே எழுதப்பட்ட ஹுவாரொச்சிரிச் சுவடி ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவற்றில் விண்மீன்கள் உண்டு, விலங்குகள் உண்டு, பன்னிரண்டு திங்களும் அவற்றுக்குரிய சடங்குகளும் உண்டு. பிறந்த நாளைக் கொண்டு குணம் சொல்லும் சக்கரம் இல்லை. பூச்சிகளால் ஆன சக்கரம் அறவே இல்லை.

பன்னிரண்டு ராசிகள் என்ற அமைப்பு பாபிலோனில் கி.மு. 5ஆம் நூற்றாண்டு வாக்கில் உருப்பெற்று, கிரேக்கர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. நண்டும் தேளும் கடகமாகவும் விருச்சிகமாகவும் நமக்குப் பழகிப்போனதால், எல்லா நாகரிகங்களும் வானத்தை அப்படியே பன்னிரண்டு கூறாக்கியிருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். என் வேண்டுகோள் ஒன்றுதான்: ‘பண்டைய’ என்ற சொல்லோடு எது வந்தாலும், எந்த ஏட்டில், யார், எந்த ஆண்டில் எழுதியது என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் அவர்கள் வானத்தில் எதைக் கண்டார்கள்?

பதில்: இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன். நாம் ஒளிரும் புள்ளிகளை இணைத்து உருவம் காண்கிறோம். ஆண்டிஸ் மக்கள் அதையும் செய்தார்கள். அதோடு, பால்வீதியின் ஒளிக்கு நடுவே கருமையாகத் தெரியும் தூசு முகில்களையே உருவங்களாகக் கண்டார்கள். பால்வீதிக்கு மாயு, அதாவது ஆறு, என்று பெயர். அந்த ஆற்றில் பாம்பு, தேரை, யூது எனப்படும் காடை போன்ற தரைப்பறவை, லாமா, அதன் குட்டி, பின்னால் நரி என்று வரிசையாகச் செல்கின்றன. லாமா என்பது ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த, அம்மலைவாசிகளுக்குச் சுமையும் கம்பளியும் இறைச்சியும் தந்த விலங்கு. ஆல்பா சென்டாரி, பீட்டா சென்டாரி என்ற இரு ஒளிமிக்க விண்மீன்களே வானத்து லாமாவின் கண்கள்.

ஹுவாரொச்சிரிச் சுவடியின் 29ஆம் அதிகாரம் அந்த லாமாவை யக்கானா என்று அழைக்கிறது. நள்ளிரவில், ஒருவரும் அறியாத வேளையில், அது இறங்கி வந்து கடல்நீரைக் குடிக்கிறது. குடிக்காவிட்டால் உலகம் மூழ்கிவிடும். நீரூற்றில் அது நீர் அருந்த வரும்போது அங்கே இருக்கும் ஒருவர் மீது அதன் கம்பளி விழுமானால், அவருக்கு மந்தை பெருகும். இதே அதிகாரம் யக்கானாவை லாமாக்களின் ‘காமாக்’ என்கிறது. அந்தச் சொல்லுக்கு உயிரூட்டுவது, இருக்கும் நிலையில் தாங்கி நிற்பது என்றெல்லாம் பொருள் கொள்ளலாம். போலோவும் இதையே வேறு சொற்களில் பதிந்தார்: தரையில் உள்ள ஒவ்வொரு விலங்குக்கும் பறவைக்கும் வானத்தில் ஓர் இணை உண்டு, அவ்வினம் பெருகுவதும் நிலைப்பதும் அதன் பொறுப்பு என்று மக்கள் நம்பினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, வானத்து லாமா மனிதக் குழந்தையின் குணத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதே. அது மண்ணில் மேயும் லாமாவைக் காக்கிறது. 1970களில், இன்காக்களின் தலைநகராக இருந்த குஸ்கோவுக்கு அருகே மிஸ்மினாய் என்ற ஊரில் தங்கி ஆராய்ந்த கேரி உர்ட்டன், இந்த உருவங்கள் வானில் தோன்றும் பருவமும் அவ்விலங்குகளின் வாழ்க்கைப் பருவமும் ஒத்துப்போவதைக் காட்டினார். பாம்பு மழைக்காலத்தில் மேலே நிற்கிறது. கதிரவன் தென்கோடியை எட்டித் திரும்பும் டிசம்பர் கதிர்த்திருப்பத்தை ஒட்டி, நரிகள் குட்டி போடும் நாட்களில், கதிரவன் வானத்து நரியின் பகுதியில் உதிக்கிறது.

கேள்வி: நான் ஜூலை 12 அன்று பிறந்தேன். எனக்குரிய பூச்சி எது?

பதில்: எதுவும் இல்லை. அப்படி ஒரு கணக்கு ஆண்டிஸ் மரபில் இல்லை.

கேள்வி: பூச்சியே இல்லை என்கிறீர்களே, நாஸ்கா பாலைவனத்தில் வரையப்பட்டுள்ள மாபெரும் சிலந்தி எங்கிருந்து வந்தது? அது ஓரியன் விண்மீன் கூட்டத்தின் வடிவம் என்று படித்திருக்கிறேன்.

பதில்: சிலந்தி உண்மையானது. பெரு நாட்டின் தென்கடற்கரைப் பாலைநிலத்தில், மேற்பரப்பில் கருமை படிந்த கற்களை அகற்றி, அடியில் உள்ள வெளிறிய மண் தெரியுமாறு வரையப்பட்ட அந்த உருவம் ஏறக்குறைய 46 மீட்டர் நீளம் கொண்டது. ஆனால் அதை வரைந்த நாஸ்கா மக்கள் இன்காக்களுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவர்கள். சிலந்தியை ஓரியனோடு இணைத்தவர் சிகாகோவின் கோளரங்கம் ஒன்றைச் சேர்ந்த ஃபிலிஸ் பிட்லுகா. ஆண்டிஸ் வானியலில் நெடுங்காலம் உழைத்த ஆன்டனி அவெனி இதை ஏற்கவில்லை. சிலந்தியைச் சூழ்ந்து செல்லும் பல கோடுகளில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவதற்குக் காரணம் சொல்லப்படவில்லை என்பது அவருடைய மறுப்பு.

அதே வாசகர்: சிலந்தியைத் தமிழில் எட்டுக்கால் பூச்சி என்றுதான் சொல்கிறோம். ஆகவே பூச்சி வழிபாடு இருந்தது என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

பதில்: ஆறு கால் உள்ளதையே பூச்சி என்பது உயிரியலாரின் வரையறை, பேச்சுத் தமிழ் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. உங்கள் சொல்லை முழுமனதோடு ஏற்கிறேன். சிலந்திக்கு அந்நிலத்தில் புனிதமான இடம் இருந்தது என்பதையும் ஏற்கிறேன். பெருவின் வடகடற்கரையில் வாழ்ந்த மோச்சே மக்களும் அவர்களுக்கு முற்பட்ட குபிஸ்நிக்கே மக்களும், வெட்டிய தலையைக் கையில் ஏந்திய சிலந்தித் தெய்வத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். இரையைக் கட்டி, உயிர்ச்சாற்றை உறிஞ்சும் உயிரினம் பலியின் தெய்வமாவது இயல்பு. ஆனால் வழிபாடு வேறு, ராசி வேறு. ஒன்றிருந்தால் மற்றதும் இருந்தாக வேண்டும் என்ற தாவலைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

அதே வாசகர்: சிலந்தியை வைத்துக் குறி சொன்னார்களே! அது சோதிடம் ஆகாதா?

பதில்: நல்ல எதிர்வாதம். உள்ளூர் வழிபாடுகளை ஒழிக்கப் புறப்பட்ட பாதிரியார் அர்ரியாகா 1621இல் வெளியிட்ட நூலில், சிலந்தியின் கால்களைக் கொண்டு குறி பார்த்தவர்களைப் பற்றி எழுதுகிறார். சுவர் இடுக்கிலோ கல்லடியிலோ சிலந்தியைத் தேடிப் பிடித்து, துணியின் மீது விட்டு, கால் ஒடியும் வரை குச்சியால் விரட்டி, எந்தக் காலை இழந்தது என்பதைப் பார்த்துப் பதில் சொன்னார்களாம். இது அன்றைய கேள்விக்கு அன்றைக்கே கிடைத்த விடை. கேட்டவர் எந்த மாதத்தில் பிறந்தார் என்பதற்கு அதில் இடமே இல்லை. எழுதியவர் அம்மரபின் பகைவர் என்பதையும் நினைவில் வைத்தே இக்குறிப்பை வாசிக்க வேண்டும்.

அதே வாசகர்: நாஸ்காக் கோடுகள் விண்மீன்களை நோக்கி நிற்பது கணினியாலேயே நிறுவப்பட்டுவிட்டதே?

பதில்: நிறுவப்பட்டது அதற்கு நேர்மாறானது. இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சை வானியல் கருவியாக விளக்கியவரான ஜெரால்ட் ஹாக்கின்ஸ் 1968இல் நாஸ்காவுக்கும் சென்று கோடுகளை அளந்து கணினியில் சோதித்தார். தற்செயலாக அமையக்கூடிய அளவை விஞ்சிய பொருத்தம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்க வேண்டும் என்று விரும்பிச் சென்றவர் கிடைக்கவில்லை என்று எழுதினார். அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். சிலந்தி பற்றி இத்துடன் நிறுத்திக்கொள்வோம், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: என் மனைவி நவம்பர், நான் மார்ச். எங்கள் பூச்சிகள் பொருந்துமா?

பதில்: மேலே ஜூலை 12க்குச் சொன்னதே இதற்கும் பதில்.

கேள்வி: மனிதரின் குணத்தை விலங்குகளோடு ஒப்பிடும் வழக்கமே அவர்களிடம் இல்லையா?

பதில்: உண்டு, பெயர் வழியாக. குழந்தைக்கு முதல் முடி களையும் ருதுச்சிகுய் சடங்கில் ஒரு பெயர் சூட்டப்பட்டது. பருவம் எய்தும்போது அதை விட்டு நிலையான பெயரைப் பெற்றார்கள். பருந்து, பூமா எனப்படும் மலைச்சிங்கம், கழுகு, பாம்பு ஆகியவை அப்பெயர்களில் நிறைய வரும். குவாமான் போமாவின் பெயரே வல்லூறு, பூமா என்ற இரண்டின் சேர்க்கை. ஒருவரிடம் காண விரும்பிய ஆற்றலைப் பெயரில் வைத்தார்கள்.

கேள்வி: உண்மையான பூச்சிகளுக்கு அவர்கள் வாழ்வில் என்ன இடம்?

பதில்: சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் காக்சினியல் பூச்சியே முதலிடம் பெறும். அதன் பெண் பூச்சியை உலர்த்தி அரைத்தால் வரும் கருஞ்சிவப்பு, ஆண்டிஸ் துணிகளில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் மங்காமல் இருக்கிறது. ஒரு கிலோ உலர்ந்த சரக்குக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பூச்சிகள் தேவை. அடுத்தது தபராக்கு என்னும் பெரிய கரிய அந்துப்பூச்சி. அது வீட்டுக்குள் வந்தால் சாவு வரும் என்ற அச்சம் இன்றும் உண்டு. பச்சகூத்தி யாம்கி என்ற ஆண்டிஸ் வரலாற்றாளர், கரும்போர்வை அணிந்த தூதன் ஒருவன் இன்கா அரசர் வாய்னா கபாக்கிடம் பூட்டிய பெட்டியைக் கொடுத்ததாகவும், அதைத் திறந்ததும் வண்ணத்துப்பூச்சிகளைப் போன்றவை பறந்து சென்றதாகவும், அதுவே கொள்ளைநோய் என்றும் எழுதியிருக்கிறார். பட்டியலில் வரும் ‘வண்ணத்துப்பூச்சி ராசி’யை இந்த வரிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

கேள்வி: ஐயாயிரம் ஆண்டுப் பழமை கொண்ட இன்கா சோதிடம் என்கிறார்களே?

பதில்: இன்காப் பேரரசு 15ஆம் நூற்றாண்டில் விரிந்து 1530களில் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. அதன் வாழ்நாள் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு. மீண்டும் சொல்கிறேன்: எந்த ஏடு, எந்த ஆண்டு என்று கேளுங்கள்.

கேள்வி: சீன ராசியில் எலி, பாம்பு வருவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: இல்லை. சீன மரபு என் துறையன்று; அதை அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: நம் கார்த்திகை மீன்களை அவர்களும் பார்த்தார்களா?

பதில்: பார்த்தார்கள், சங்கப் பாடல்கள் அறுமீன் என்று பாடும் அதே கூட்டத்துக்குக் கோல்க்கா, அதாவது தானியக் களஞ்சியம், என்பது அங்குள்ள பெயர்களுள் ஒன்று. குஸ்கோவின் வானில் அது ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஏறக்குறைய 37 நாட்கள் மறைந்திருந்து, ஜூன் தொடக்கத்தில் விடியலுக்கு முன் மீண்டும் தோன்றும். அம்மீன்கள் பெரிதாகத் தோன்றினால் விளைச்சல் மிகும், சிறிதாகத் தோன்றினால் துன்பம் வரும் என்று ஹுவாரொச்சிரிச் சுவடி சொல்கிறது. பெரு, பொலிவியா மலைகளின் உழவர்கள் இன்றும் ஜூன் 24ஐ ஒட்டிய விடியல்களில் அதைப் பார்த்து, மங்கலாகத் தெரிந்தால் உருளைக்கிழங்கு நடுவதைச் சில வாரங்கள் தள்ளிப்போடுகிறார்கள். பென் ஒர்லவ், ஜான் சியாங், மார்க் கேன் ஆகிய மூவரும் 2000ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் இதன் காரணத்தை விளக்கினார்கள்: பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் மிக உயரத்தில் படரும் மெல்லிய முகில் கார்த்திகையை மங்கச் செய்கிறது, அதே எல் நினோ சில மாதங்கள் கழித்து அம்மலைகளில் மழையைக் குறைக்கிறது. குவாமான் போமா வரைந்த சோதிடரும் கையில் முடிச்சுக் கயிற்றோடு நடப்பவர். எப்போது விதைப்பது என்பதே அவர் கணித்துச் சொன்னது.

கேள்வி: ஆகஸ்ட் 3 எந்தப் பூச்சி?

பதில்: இனிப் பிறந்த நாள் கேள்விகளுக்குப் பதில் எழுத மாட்டேன். முதல் பதிலைத் தயவுசெய்து வாசியுங்கள்.

கேள்வி: அந்தக் கரிய லாமாவை நாம் தமிழ்நாட்டிலிருந்து பார்க்க முடியுமா?

பதில்: முடியும். மே மாத இறுதியில், நிலா இல்லாத இரவில், பத்து மணி அளவில், விளக்கொளி இல்லாத இடத்திலிருந்து நேர் தெற்கே தொடுவானத்துக்குச் சற்று மேலே பாருங்கள். அருகருகே ஒளிரும் இரண்டு விண்மீன்கள் லாமாவின் கண்கள். கன்னியாகுமரியில் அவை ஏறக்குறைய 20 பாகை உயரத்தில் நிற்கும். சென்னையில் இன்னும் தாழ்வாக இருக்கும். அங்கிருந்து கிழக்கே விருச்சிகத்தை நோக்கிப் பால்வீதியின் நடுவே நீளும் கருமையான பட்டையே அதன் கழுத்தும் உடலும். கண் இருளுக்குப் பழக இருபது நிமிடங்களாவது கொடுங்கள். அதுவரை கைபேசியைத் திறக்க வேண்டாம்.