பல் மருத்துவமனைக்கு இணைய முன்பதிவு: கடவுச்சொல் வேண்டுமா, ஓ.டி.பி. போதுமா?

கேள்வி: இரண்டு மருத்துவர்கள் உள்ள பல் மருத்துவமனை நடத்துகிறோம். இணைய முன்பதிவுக்காக வாங்கியுள்ள மென்பொருளில் நான்கு வழிகள் உள்ளன: எவரும் நேரடியாகப் பதிவு செய்வது, கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. மூலம் நுழைவது, கணக்கும் கடவுச்சொல்லும் உருவாக்குவது, நாங்கள் அனுப்பும் இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பதிவு செய்வது. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: புதிதாக வருபவர்களுக்கு ஓ.டி.பி., தொடர் சிகிச்சையில் இருப்பவர்களுக்குத் தனி இணைப்பு என்று இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் வேண்டாம். ஆண்டுக்கு ஓரிரு முறை பல்வலியோடு வருபவர் அதை நினைவில் வைத்திருக்க மாட்டார். மறந்துவிட்டது என்று உங்கள் வரவேற்பாளரைத்தான் அழைப்பார். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு கேட்பதற்கும், 2025 ஜூலை 1 முதல் இணையவழி தட்கல் பயணச்சீட்டுக்கு ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியதற்கும் குறைந்த இருக்கைகளுக்கு நடக்கும் பெரும் போட்டியே காரணம். உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை.

சரிபார்ப்பே இல்லாமல் திறந்துவிட்டால், தவறாக உள்ளிடப்பட்ட ஓர் எண்ணால் நினைவூட்டல் போய்ச் சேராது. மருத்துவர் திடீரென விடுப்பு எடுத்தாலும் தகவல் சொல்ல வழியிருக்காது. ஆனால் காலியாக உள்ள நேரங்களைப் பார்ப்பதற்கு எந்தத் தடையும் இருக்கக் கூடாது. மருத்துவர், நாள், நேரம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்த பிறகே எண்ணைக் கேட்க வேண்டும், ஓ.டி.பி. வந்து சேரும் வரை அந்த நேரத்தை மென்பொருள் சில நிமிடங்கள் பிடித்து வைத்திருக்க வேண்டும். முதல் திரையிலேயே எண் கேட்கும் அமைப்பு என்றால் அதை மாற்றித் தரும்படி விற்பனையாளரிடம் வலியுறுத்துங்கள்.

நம் குடும்பங்களில் ஒரே எண்ணில் பலருக்கும் பதிவு நடப்பது இயல்பு. தடுப்பூசிக்கான கோவின் தளம் 2021இல் ஓர் எண்ணுக்கு நான்கு பேர் வரை அனுமதித்து, பின்னர் அதை ஆறாக உயர்த்தியது. எனவே சிகிச்சை பெறுபவரின் பெயரும் வயதும் தனியாகக் கேட்கப்பட வேண்டும். இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. இந்தியாவில் துண்டிக்கப்பட்ட கைபேசி எண், 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்கு வழங்கப்படலாம். ஆகவே ஓ.டி.பி. கொடுத்து நுழைபவருக்கு வரவிருக்கும் சந்திப்பின் நாளும் நேரமும் மட்டும் தெரிந்தால் போதும். பழைய சிகிச்சை விவரம், எக்ஸ்ரே, ரசீது எதுவும் அங்கே தெரியவே கூடாது. ஒருவருடைய உடல்நலக் குறிப்பு முன்பின் அறியாதவர் கைக்குப் போவதை எந்த வசதியாலும் ஈடுசெய்ய முடியாது.

ஓ.டி.பி.யை எஸ்.எம்.எஸ். ஆக அனுப்புவதற்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி, அனுப்புநர் பெயரும் செய்தி வாசகமும் டி.எல்.டி. எனப்படும், நிறுவனங்கள் அனுப்பும் எஸ்.எம்.எஸ்.களுக்கான பதிவுத் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தானியங்கி நிரல்கள் ஓ.டி.பி.யை வரவழைத்துக்கொண்டே இருந்தால் அதற்கான கட்டணம் உங்கள் தலையில்தான் விழும் என்பதால், ஓர் எண்ணுக்கு ஒரு மணி நேரத்தில் இத்தனை முறைதான் என்ற வரம்பும் தேவை.

தனி இணைப்பின் உண்மையான பயன் ரூட் கெனால் செய்துகொள்பவர்களுக்கும் கிளிப் போட்டிருப்பவர்களுக்கும்தான். அடுத்த அமர்வு எப்போது, எவ்வளவு நேரம் என்பதை முடிவு செய்பவர் மருத்துவர். அந்த அளவை இணைப்பிலேயே நிர்ணயித்து அனுப்பினால், முதன்முறை பரிசோதனைக்கு வருபவர் நீண்ட நேரத்தைப் பிடித்துக்கொள்வதும், நீண்ட சிகிச்சை தேவைப்படுபவர் குறுகிய நேரத்தில் மாட்டிக்கொள்வதும் தவிர்க்கப்படும். ஒருவருக்கு ஓர் இணைப்பு, ஒருமுறை பதிவு செய்ததும் காலாவதி என்று அமையுங்கள். எல்லோருக்கும் பொதுவான இணைப்பாக இருந்தால் அது வாட்ஸ்அப் குழுக்களில் பரவிவிடும்.

படிவத்தில் ஆதார் எண்ணும் முகவரியும் கேட்காதீர்கள். சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தரவை மட்டும் பெற வேண்டும் என்பதே 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. வயதானவர்களுக்காகத் தொலைபேசிப் பதிவும் தொடரட்டும். ஆனால் வரவேற்பாளர் அதைத் தனி நோட்டில் எழுதி வைக்காமல், பேசிக்கொண்டிருக்கும்போதே இதே மென்பொருளில் பதிவு செய்தால்தான் ஒரே நேரம் இருவருக்குப் போகாது.