தாலி வேறு, வயல் வேறு: குடும்ப வழக்குகள் பற்றிச் சில கேள்விகள்

வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே முடிச்சுதான். ‘நகையைத் தந்தால்தான் கையெழுத்து’, ‘பிள்ளையைக் காட்டினால்தான் பணம்’, ‘வீட்டை எழுதி வைத்தால்தான் விவாகரத்து’. இரு வீட்டாரும் உட்கார்ந்து பேரம் பேச இது சரி. நீதிமன்றத்துக்குப் போனால் உறவை முறிப்பது ஒரு வழக்கு, சொத்து இன்னொரு வழக்கு, ஜீவனாம்சம் மூன்றாவது வழக்கு. ஒன்றில் தோற்றவர் மற்றொன்றில் ஜெயிக்கலாம். பெயர்களை நீக்கி, கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் இரு வீட்டாரும் பேசித் தீர்த்துவிட்டோம். போட்ட நகையைத் திருப்பிக் கொடுத்து, பத்திரத்தாளில் எழுதி, நோட்டரி சீலும் வாங்கியாயிற்று. பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது எனக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கிறார்கள். அந்தப் பத்திரம் போதுமா? (அம்பாசமுத்திரம் பக்கம்)

போதாது. அதைக் காட்டி நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறித்துவிடாதீர்கள். கையெழுத்துப் போட்டது நீங்கள்தான் என்பதற்கு நோட்டரி சீல் சாட்சி. அதற்கு மேல் அதற்கு எந்த பலமும் இல்லை.

‘எங்கள் சமூகத்தில் தீர்த்துவிடும் வழக்கம் உண்டே’ என்று கேட்பீர்கள். இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு வழக்கப்படியான விவாகரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த வழக்கம் நெடுங்காலமாக, இடைவிடாமல் உங்கள் சமூகத்தில் இருந்து வருகிறது என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். பத்துப் பேர் கையெழுத்துப் போட்ட தாள் அதற்கு நிரூபணம் ஆகாது. நிரூபிக்க முடியாமல் போனால் முதல் மனைவி இன்றும் உங்கள் மனைவிதான். இரண்டாவது கல்யாணம் செல்லாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. உங்களை நம்பி வரும் பெண்ணுக்கோ மனைவி என்ற சட்ட நிலையே கிடைக்காது. எனக்கு அவரைப் பற்றித்தான் கவலை.

இருவருக்கும் சம்மதம் இருக்கும்போது இதற்கு நேரான வழி இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் இருவரும் சேர்ந்து குடும்பநல நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறது சட்டம். 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று சொன்னது. முதல் மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிந்திருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், பணம், பிள்ளை விஷயங்கள் முடிந்திருக்க வேண்டும் என்பவை அதற்கான நிபந்தனைகள். நீங்கள் பிரிந்து இரண்டு ஆண்டு ஆகிவிட்டதால் அந்தச் சலுகையைக் கேட்கலாம். ஊரில் எழுதிய பத்திரத்தையும் தூக்கி எறிய வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து பிரிந்திருக்கிறீர்கள், நகை திரும்பிப் போனதா என்பதற்கெல்லாம் அது நல்ல ஆதாரம்.

கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். அவர் அனுப்பிய பணத்தில் மாமியார் பெயரில் வீடு கட்டினோம். மேஸ்திரிக்குக் கூலி கொடுத்ததும் கம்பி, சிமெண்ட் வாங்கியதும் நான். இப்போது அவர் விவாகரத்து கேட்கிறார். வீட்டில் எனக்குப் பாதி உண்டுதானே? (வள்ளியூர் பக்கம்)

சினிமாவிலும் வெளிநாட்டுச் செய்திகளிலும் பார்த்துவிட்டுப் பலரும் இந்தப் ‘பாதி’யைக் கேட்கிறார்கள். விவாகரத்தானால் சொத்தை இரண்டாகப் பிரிக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே வீடு என்பதுதான் தொடக்கப் புள்ளி.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கணவர் சவுதியில் சம்பாதித்து அனுப்ப, மனைவி குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு இங்கே சொத்து வாங்கிய வழக்கு அது. வீட்டு வேலையும் பிள்ளை வளர்ப்பும் சொத்துச் சேர்வதற்கான பங்களிப்பே, அதனால் மனைவிக்கும் சமபங்கு உண்டு என்றார் நீதிபதி. உங்கள் கதைக்கு மிக நெருக்கமானதுதான். ஆனால் அதில் சொத்து கணவன், மனைவி இருவருக்குள்ளேயே இருந்தது. உங்கள் வீடு மாமியார் பெயரில். அந்தத் தீர்ப்பை வைத்துத் தனியாக சிவில் வழக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜெயிப்பீர்கள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

உறுதியாகக் கிடைக்கக்கூடியவை வேறு. ஒன்று, அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இன்படி, நீங்கள் மருமகளாக வாழ்ந்த வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் உங்களை இரவோடு இரவாக வெளியே தள்ள முடியாது. 2020இல் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இது தங்கும் உரிமைதான், சொத்துரிமை ஆகாது. வயதான மாமியாரின் நிலையையும் நீதிமன்றம் பார்க்கும். வீட்டுக்குப் பதில் வாடகை கொடுக்கச் சொல்லவும் செய்யலாம்.

இரண்டு, நகை. பிறந்த வீட்டில் போட்டது, கல்யாணத்தில் உங்களுக்கென்று வந்தது எல்லாம் உங்கள் தனிச் சொத்து. கட்டடச் செலவுக்கு அதைக் கணவர் அடகு வைத்திருந்தாலும் திருப்பிக் கேட்கலாம். கடை பில், கல்யாண ஆல்பம், கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகைக்கடன் எடுத்த ரசீது, இவற்றை இன்றே எடுத்து உங்கள் கைக்குள் வையுங்கள். வழக்கு என்று தெரிந்த பிறகு பீரோ சாவி யாரிடம் இருக்கும் என்று சொல்ல முடியாது. அவர் வங்கிக்கு அனுப்பிய பணத்தின் கணக்கு விவரத்தையும் எடுத்து வையுங்கள். ஜீவனாம்ச வழக்கில் அவருடைய உண்மையான சம்பளத்தை அதுதான் பேசும்.

அங்கேயே கோர்ட்டில் விவாகரத்து வாங்கிவிடுவேன் என்று அவர் மிரட்டினால் பயப்பட வேண்டாம். நீங்கள் ஒப்புக்கொள்ளாமல், நம் திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக வெளிநாட்டு நீதிமன்றம் தரும் விவாகரத்து இங்கே செல்லாது என்பது 1991 முதலே உச்ச நீதிமன்றத்தின் நிலை.

பீடி சுற்றுகிறேன். பாஸ் புத்தகம், பி.எஃப். எல்லாம் உண்டு. கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், இரண்டு வருஷமாகப் பணம் தருவதில்லை. ‘நீதான் சம்பாதிக்கிறாயே, உனக்கு எந்தக் கோர்ட்டும் தராது’ என்கிறார். (முக்கூடல்)

தரும். உங்களை நீங்களே பராமரித்துக்கொள்ள முடிகிறதா என்பதுதான் கேள்வி. கையில் நாலு காசு வருகிறதா என்பது அல்ல. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வரும் கூலியில் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் நடக்காது என்பது எந்த நீதிபதிக்கும் புரியும். மனைவிக்கு ஓரளவு வருமானம் இருப்பதே ஜீவனாம்சத்துக்குத் தடையாகாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியாகிவிட்டது. பாஸ் புத்தகத்தை மறைக்காதீர்கள். நீங்களே முதலில் காட்டுங்கள், உங்கள் வருமானம் எவ்வளவு சிறியது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125 என்று எல்லோருக்கும் தெரிந்த ஜீவனாம்சப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144. எண் மாறியது, வழக்கு அதேதான். நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊர் எந்த நீதிமன்ற எல்லையில் வருகிறதோ அங்கேயே போடலாம். பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கேளுங்கள். மனுவிலேயே இடைக்கால ஜீவனாம்சமும் கேட்க மறக்காதீர்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளில் முடிந்தவரை அதை முடிக்கச் சொல்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதலாகவே ஆகும்.

2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்புக்குப் பிறகு இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். ‘எனக்கு ஒரு வருமானமும் இல்லை’ என்று வாயால் சொல்லித் தப்பிக்க முடியாது. ஆட்டோவின் ஆர்.சி. யார் பெயரில், மாதத் தவணை எவ்வளவு என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மாதம் தவறாமல் தவணை கட்டுகிறவருக்கு வருமானம் இல்லை என்று யார் நம்புவார்கள்? அதே தீர்ப்புப்படி, மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்கிட்டுப் பணம் கிடைக்க வேண்டும். அதனால் ‘பொங்கல் கழியட்டும், கோயில் கொடை கழியட்டும்’ என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்கள் பணம்தான் போகிறது.

உத்தரவுக்குப் பிறகும் தராவிட்டால், பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் வசூல் மனுப் போட வேண்டும். ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை வைக்க முடியும். அந்த ஓராண்டைத் தவற விடுகிறவர்கள் நிறைய.

ஜமாத்தில் குலா சான்று வாங்கிவிட்டேன். மறுமணத்துக்கு அது போதுமா? (மேலப்பாளையம்)

கணவரிடம் குலா, அதாவது மனைவி கேட்டு வாங்கும் விவாகரத்து, கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. சான்று தரும் அதிகாரம் ஜமாத்துக்கு இல்லை. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படியொரு அமைப்பு கொடுத்த குலா சான்றை ரத்து செய்து, குடும்பநல நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னது. நீங்களும் அங்கே போய் உத்தரவு வாங்கிக்கொள்ளுங்கள். மஹரும் (கல்யாணத்தில் கணவர் தர ஒப்புக்கொண்ட மணக்கொடை) ஜீவனாம்சமும் தனி. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் 125இல் கேட்கலாம் என்று 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது.

நாங்கள் கிறிஸ்தவர்கள். இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம். சபையில் அனுமதி வாங்கினால் போதுமா? (பாளையங்கோட்டை)

சபை தரும் விடுதலை சபைக்குள்தான் செல்லும், சட்டத்தில் செல்லாது. 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 10-ஏ பிரிவில் இருவரும் சேர்ந்து மனுப் போட வேண்டும். இரண்டு ஆண்டு பிரிந்திருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. இந்துக்களுக்கு ஓராண்டு, கிறிஸ்தவர்களுக்கு மட்டும் இரண்டா என்று கேட்டு 2010இல் கேரள உயர் நீதிமன்றம் அதை ஓராண்டாகக் குறைத்துப் படித்தது. நியாயமான கேள்வி. பிரிந்து இரண்டு ஆண்டு ஆகிவிட்டால் இந்த வாதமே தேவைப்படாது.

எனக்குக் கல்யாணம் 1986இல். அப்பா 2001இல் இறந்தார். இரண்டு கோட்டை விதைப்பாடு வயலும் ஒரு வீடும் இருக்கிறது. அம்மா இருக்கிறாள். அண்ணன், தம்பி இருவரும், ‘89க்கு முன்னால் கட்டிக்கொடுத்த பிள்ளைக்குப் பங்கு கிடையாது, நாங்கள் வாய்மொழியாகப் பிரித்துப் பட்டாவும் வாங்கிவிட்டோம்’ என்கிறார்கள். (நாங்குநேரி)

உங்கள் சகோதரர்கள் சொல்வது பழைய பாடம். தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது; அதற்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் மணமானவள், மணமாகாதவள் என்ற பேதமே இல்லை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. வேண்டியதில்லை.

முதலில் சொத்து எப்படி வந்தது என்று பாருங்கள். தாத்தா வழியில் வந்த பூர்வீகம் என்றால், அப்பா, இரண்டு மகன்கள், நீங்கள் என நான்கு பங்கு. அப்பாவின் கால் பங்கு அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். மொத்தத்தைப் பதினாறாகப் போட்டால் உங்களுக்கு ஐந்து, சகோதரர்களுக்கு ஐந்து ஐந்து, அம்மாவுக்கு ஒன்று. அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கி, உயில் எழுதாமல் போயிருந்தால் கணக்கு இன்னும் எளிது: அம்மா உட்பட நால்வருக்கும் கால் கால் பங்கு. இது 1989இல் வந்த சலுகை இல்லை, 1956 முதலே இருக்கும் சட்டம். ‘89க்கு முன்னால்’ என்ற பேச்சுக்கு இங்கே இடமே கிடையாது.

வாய்மொழிப் பாகப்பிரிவினையை நீதிமன்றம் பொதுவாக ஏற்காது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமோ, நீதிமன்றத் தீர்ப்போ, விற்பனையோ இருந்தால் அது உங்களைக் கட்டுப்படுத்தும். அதனால் முதல் வேலை சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுப்பது. பட்டா மட்டும் வைத்து யாரும் உரிமையாளர் ஆகிவிட முடியாது.

இன்னொன்று. கூடப்பிறந்த உறவு கெடக் கூடாது என்று வீட்டில் ஒரு விருந்து வைத்து, சேலை எடுத்துக் கொடுத்து, ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போவார்கள். அது பெரும்பாலும் விடுதலைப் பத்திரமாக இருக்கும். விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம். பலர் மனசார விட்டுக்கொடுக்கவும் செய்கிறார்கள். எதை விடுகிறோம் என்று படித்துவிட்டு விடுங்கள்.

மனைவி பையனைப் பார்க்க விடுவதில்லை. அதனால் நான் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். சரிதானே? (மும்பையிலிருந்து, சொந்த ஊர் களக்காடு)

சரியில்லை. பணம் பையனுடைய உரிமை, அம்மாவுடைய செயலுக்காக அதை நிறுத்த முடியாது. பாக்கி ஏறினால் வாரண்ட் உங்களுக்குத்தான் வரும். பணத்தை வங்கி வழியாக அனுப்பிக்கொண்டே, பார்க்கும் உரிமை கேட்டுத் தனி மனுப் போடுங்கள். பையன் எங்கே வசிக்கிறானோ அந்த ஊர் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும், மும்பையில் முடியாது. கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது சில நாள் உங்களோடு வைத்துக்கொள்ளவும், வாரம் ஒருமுறை வீடியோ அழைப்புக்கும் கேட்கலாம். ஒழுங்காகப் பணம் அனுப்பிய ரசீதோடு வரும் அப்பாவின் பேச்சுக்கு நீதிமன்றத்தில் மதிப்பே தனி.

வீட்டை மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது மருமகளும் அவனும் சோறு போடுவதில்லை. திரும்ப வாங்க முடியுமா? (கல்லிடைக்குறிச்சி, வயது 74)

பத்திரத்தில் ‘என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்ற வாசகம் இருந்தால் நல்ல வாய்ப்பு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவில் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். உங்கள் பக்கத்துக்கு சேரன்மகாதேவி சார் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். வாசகம் இல்லையென்றால் கஷ்டம்தான், ஆனால் வேறு தாளில் மகன் எழுதிக் கொடுத்த உறுதிமொழி ஏதாவது இருந்தால் தேடி எடுங்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அப்படியொரு தாளையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. எதுவுமே இல்லாவிட்டாலும் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கத் தடையில்லை.

இன்னும் எழுதிக் கொடுக்காத பெரியவர்களுக்கு: செட்டில்மெண்ட் வேண்டாம், உயில் எழுதுங்கள். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

வக்கீல் பீஸ் கட்ட வசதியில்லை. (பெயர், ஊர் இல்லை)

பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச வக்கீல் வைத்துத் தருவது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கடமை. நீதிமன்ற வளாகத்தில் விசாரித்தால் இடம் காட்டுவார்கள், 15100க்கு போன் செய்தும் கேட்கலாம். ஆதார், கல்யாணப் பத்திரிகை, கல்யாணப் போட்டோ, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, நகை ரசீது எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு போங்கள். அசலை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், உங்கள் வக்கீல் உட்பட.