பத்துச் சக்கரங்கள், ஐந்து ஆண்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் யார்க் ரயில்வே அருங்காட்சியகத்தில் ‘ஈவினிங் ஸ்டார்’ என்ற நீராவி எஞ்சினைப் பார்த்தேன். 1960இல் கட்டப்பட்ட அதை 1965இலேயே ஓரங்கட்டிவிட்டார்களாம். ஐந்து ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்காத ஒரு வடிவமைப்பை ஏன் இத்தனை கொண்டாடுகிறார்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தாக்குப்பிடிக்கவில்லை என்பது சரியல்ல. ஈவினிங் ஸ்டார், பிரிட்டிஷ் ரயில்வேயின் பொறியாளர் ராபின் ரிடில்ஸின் தலைமையில் உருவான ‘9எஃப்’ வகையைச் சேர்ந்தது. அந்த வகையின் முதல் எஞ்சின் 1954 ஜனவரியில் வெளிவந்தது. மறு ஆண்டே நீராவியைக் கைவிட்டு டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறும் திட்டத்தை அரசின் போக்குவரத்து ஆணையம் வெளியிட்டது. ஏற்கெனவே தொடங்கிய கட்டுமானம் மட்டும் நிற்காமல், 1960 வரை 251 எஞ்சின்கள் வந்து சேர்ந்தன. அவற்றின் ஆயுளைக் குறைத்தது கொதிகலன் அல்ல, கொள்கை. (நாட்டில் வெட்டியெடுக்கும் நிலக்கரி இருக்கையில், மின்மயமாக்கும்வரை நீராவியே போதும் என்ற ரிடில்ஸின் வாதம் எனக்கு இன்றும் நியாயமாகவே தோன்றுகிறது.)

கனத்த சரக்கு ரயில்களுக்காகவே ஐந்தடி விட்டமுள்ள பத்து இயக்கு சக்கரங்களை இணைத்தார்கள். அத்தனை நீளமான எஞ்சின் வளைவுகளில் திரும்ப வேண்டும் என்பதால் நடு ஜோடிச் சக்கரங்களுக்கு மட்டும், தண்டவாளத்தை விட்டு விலகாமல் பிடித்துவைக்கும் விளிம்பை வைக்கவில்லை. சரக்குக்கென்று பிறந்த அவை பயணிகள் ரயில்களையும் இழுத்தன. தென்மேற்கு இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளின் ஏற்றத்தில் இரண்டு எஞ்சின்கள் தேவைப்பட்ட கோடைக்கால விரைவு ரயில்களை 1960 முதல் ஒரே 9எஃப் கொண்டுபோயிற்று. பெட்டிகளைச் சூடாக்கும் வசதி அதில் இல்லாததால் குளிர்காலத்துக்கு அது உதவாது. அந்த வழியாகச் சென்ற கடைசி ‘பைன்ஸ் எக்ஸ்பிரஸ்’ ரயிலை 1962 செப்டம்பரில் இழுத்தது நீங்கள் பார்த்த ஈவினிங் ஸ்டார்தான்.

ஆனால் பச்சை வண்ணமும் செம்பு விளிம்பிட்ட புகைபோக்கியும் கொண்ட அந்த ஒன்றை வைத்து இந்த வகையை எடைபோடுவது, மாப்பிள்ளைக் கோலத்தில் ஒருவரைப் பார்த்து அவருடைய தொழிலைச் சொல்வதைப் போன்றது. மற்ற 250உம் கறுப்பு. அவற்றுள் பத்து எஞ்சின்கள் இங்கிலாந்தின் வடகிழக்கே டைன் டாக் துறைமுகத்திலிருந்து மலைமேல் இருந்த கான்செட் எஃகு ஆலைக்கு இரும்புத் தாது ஏற்றிச் சென்றன. தாது வேகன்களின் கதவுகளைக் காற்றழுத்தத்தால் திறந்து மூட அவற்றின் பக்கவாட்டில் பம்புகள் பொருத்தப்பட்டிருந்தன. ஏற்றத்தில் முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் இன்னொன்று தள்ளும். 1966 வரை அந்த வேலை நடந்தது. இன்று ஒன்பது 9எஃப் எஞ்சின்கள் பாதுகாக்கப்படுகின்றன. கான்செட் மலையேறிய பத்தில் ஒன்றுகூட அவற்றுள் இல்லை.