‘அவனைச் சாப்பிடச் சொல்லு’

ஐயா, வணக்கம்.

என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். பத்தாவதில் 478 வாங்கியவன். அரையாண்டுத் தேர்வில் இயற்பியலில் ஃபெயில். அது எங்களுக்குத் தெரியவே தெரியாது. ரேங்க் கார்டில் அவங்கப்பா கையெழுத்தை அவனே போட்டுக் கொடுத்திருக்கிறான். பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் அந்தக் கார்டை எடுத்து நீட்டியபோது என் முகம் போன போக்கு எனக்குத்தான் தெரியும்.

பதினோரு நாளாக அவனிடம் நான் பேசவில்லை. சோற்றைப் போட்டு மேசையில் வைத்துவிடுகிறேன். அவனும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடக்கிறான். என் அண்ணன், "இப்ப விட்டா கைமீறிப் போயிரும், இறுக்கிப் பிடி" என்கிறார். எந்த வீடியோவைத் திறந்தாலும் பிள்ளைகளை நிபந்தனையில்லாமல் நேசியுங்கள் என்கிறார்கள். கள்ளக் கையெழுத்துப் போட்டவனைக் கொஞ்சினால் கெட்டுப்போக மாட்டானா? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்போது அவனைக் கண்டாலே எனக்குப் பிடிக்கவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஓர் அம்மா, ஈரோடு

*

அன்புள்ள சகோதரிக்கு,

வெட்கமாக இருக்கிறது என்றீர்களே, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். டொனால்ட் வினிகாட் என்று இங்கிலாந்தில் ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார், உளப்பகுப்பாய்வாளரும்கூட. ஒரு தாய்க்குத் தன் கைக்குழந்தை மேலேயே ஏன் வெறுப்பு வருகிறது என்று 1949இல் ஒரு கட்டுரையில் காரணங்களை வரிசையாக அடுக்கினார். அதில் ஒன்று, அம்மா கொடுக்கும் நல்ல சாப்பாட்டைத் தள்ளிவிட்டு அத்தையிடம் போய் வயிறாரச் சாப்பிடுவது. நம் ஊர்க்காரர் எழுதியதோ என்று தோன்றும். அவ்வளவு வெறுப்பையும் மனதில் வைத்துக்கொண்டு பிள்ளையிடம் பழிதீர்க்காமல் இருக்கிறாளே, அதுதான் தாயிடம் வியப்பான விஷயம் என்கிறார். ஆகவே பிடிக்காமல் போனதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டாம். எனக்கு உறுத்துவது அந்தப் பதினோரு நாள்.

அந்த மௌனத்தை நான் அந்தப் பக்கத்திலிருந்து அறிவேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் 31 வாங்கினேன். ரிசல்ட் வந்த நாளிலிருந்து அப்பா என்னிடம் பேசவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரே திண்ணையில் நான் இந்த ஓரம், அவர் அந்த ஓரம். உள்ளே இருக்கும் அம்மாவுக்குக் குரல் கொடுப்பார்: "அவனைச் சாப்பிடச் சொல்லு." "அவனுக்கு பஸ்ஸுக்குக் காசு வேணுமான்னு கேளு." இரண்டு முழ தூரத்தில் இருக்கும் எனக்கு, சமையலறை வரை போய்த் திரும்பி வரும் கேள்விகள். மறுபடி எழுதி 68 வாங்கினேன். அன்று சாயங்காலம் அப்பா ஜாங்கிரி வாங்கிவந்தார், என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் ஒன்றை எடுத்துப் பாதியில் வைத்துவிட்டேன். அது 68க்கு வாங்கிய ஜாங்கிரி.

மௌனம் பலிக்காது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். நன்றாகவே பலிக்கும். நான் பாஸாகவில்லையா? 2004இல் அவி அசோர், கை ராத், எட்வர்ட் டெசி என்ற மூன்று உளவியலாளர்கள் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சொன்னபடி நடந்தால் அன்பு, இல்லாவிட்டால் பாராமுகம் என்று வளர்ந்ததாகச் சொன்ன கல்லூரி மாணவர்கள், பெற்றோர் விரும்பியதைப் பெரும்பாலும் செய்தார்கள்தான். ஆனால் உள்ளுக்குள் யாரோ பிடித்துத் தள்ளுவதுபோலச் செய்தார்கள். ஜெயித்த சந்தோஷம் நிலைக்கவில்லை, தோற்றால் கூசிப்போனார்கள், பெற்றோர் மேல் மனக்கசப்பும் இருந்தது. படித்தபோது அந்தப் பாதி ஜாங்கிரிதான் ஞாபகம் வந்தது.

உங்கள் அண்ணனுக்குத் துணையாக நம் இலக்கியமே நிற்கும். புறநானூற்றில் 278ஆம் பாட்டு. மகன் போரில் புறமுதுகு காட்டினான் என்று ஊரார் சொல்லக் கேட்டு, அது உண்மையானால் அவன் பாலுண்ட முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள் ஒரு கிழவி. அவன் வெட்டுண்டு கிடப்பதைக் கண்டு, பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். பள்ளியில் மெய்சிலிர்த்துக் கேட்டேன். ஒரு மகளுக்கு அப்பாவான பிறகு அந்தப் பாட்டை என்னால் ரசிக்க முடியவில்லை. அந்தப் பையன் உயிரோடு ஓடிவந்திருந்தால் எந்த வீட்டுக்குப் போயிருப்பான்?

உங்கள் மகன் கையெழுத்துப் போட்டது தப்பு. அதைக் கொஞ்ச வேண்டியதில்லை, விடவும் கூடாது. "திங்கட்கிழமை நாம ரெண்டு பேரும் போய் டீச்சரைப் பார்க்கறோம், நீயே உன் வாயால சொல்லு" என்று சொல்லுங்கள், கூட்டிப்போங்கள். இயற்பியலுக்கு என்ன செய்வது என்று அங்கேயே கேளுங்கள். பத்தாவதில் 500க்கு 478 வாங்கியவர்கள் பதினொன்றில் வழுக்குவது ஒன்றும் அதிசயமில்லை. தண்டனை கொடுக்க வேண்டுமென்றால் போனைப் பிடுங்கி வையுங்கள், ஒரு மாதம் கிரிக்கெட்டை நிறுத்துங்கள். பேச்சை மட்டும் நிறுத்தாதீர்கள். ஃபெயில் என்று தெரிந்தால் அம்மா முகம் எப்படி மாறும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் அவன் பேனாவை எடுத்திருப்பான். பதினோரு நாளாக நீங்கள் அந்தக் கணக்கைச் சரி என்று டிக் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதை நான் எழுதுவதற்குத் தகுதி இருக்கிறதா என்றால், அரைகுறைதான். போன வருஷம், என் மகளுக்குப் பதினைந்து வயது, ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்டாள். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அவள் ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மனைவியிடம் சொன்னேன்: "அவ டியூஷனுக்குப் போறாளான்னு கேளு." சொல்லி முடித்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. குரல்கூட அப்பாவுடையது.

ஒன்றை அவசியம் பாருங்கள். சாப்பாட்டைத் தொடாமல் இருந்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஏதாவது சொன்னாலோ, என் பதிலை மூடிவைத்துவிட்டு 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண். தமிழில் பேசுவார்கள்.

மற்றபடி, எப்போது பேசுவது என்று யோசித்தால், ராத்திரி பதினொரு மணி. இந்த வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பதே தாமதமாகிவிடுகிறது. நாம் கொட்டாவி விடும் நேரத்தில்தான் அவர்கள் விழித்துக்கொண்டு, பசியோடு சமையலறைக்கு வருவார்கள். மார்க்கைப் பற்றிப் பேச வேண்டாம். கல்லை அடுப்பில் வைத்துவிட்டு, "ஒரு தோசை ஊத்தட்டுமா கண்ணு?" என்று அவனிடமே கேளுங்கள், வேறு யாரிடமும் சொல்லி அனுப்பாமல். வேண்டாம் என்றுதான் சொல்வான். என் மகள் மூன்று ராத்திரி சொன்னாள்.